மூலை வெட்டிய அட்டை

கூட்டு உருவங்கள் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 'ட' வடிவம்தான். 10 செ.மீ. நீளமும் 8 செ.மீ. அகலமும் உள்ள ஓர் அட்டையின் மூலையில், நீளவாக்கில் 4, அகலவாக்கில் 3 என ஒரு செவ்வகத்தை வெட்டி எடுங்கள். பரப்பளவு கேட்டால் ஒரு பிள்ளை மிச்சத்தை இரண்டாகப் பிரித்து 50-ஐயும் 18-ஐயும் கூட்டும். இன்னொரு பிள்ளை முழு அட்டையின் 80-இல் வெட்டிய 12-ஐக் கழிக்கும். இருவருக்கும் 68 சதுர செ.மீ. வரும்போது வகுப்பில் எழும் சத்தம் இருக்கிறதே, அது தனி அழகு!

சுற்றளவு இன்னும் அழகு. வெட்டும் முன்பு 36 செ.மீ.; வெட்டிய பின்பும் அதே 36. பிள்ளைகள் லேசில் நம்ப மாட்டார்கள். நூலைச் சுற்றி அளந்து பார்த்தால்தான், இழந்த 4-உம் 3-உம் உட்பக்க விளிம்புகளாகத் திரும்பி வந்திருப்பது புரியும்.

செவ்வகத்தின் மேல் அரைவட்டம் ஒட்டிய சன்னல் கணக்கில் சிக்கல் வேறு. இரண்டும் சேரும் கோடு உள்ளே போய்விடுகிறது. சுற்றளவில் அதைச் சேர்க்கக் கூடாது.

ஒழுங்கற்ற வயலையும் முக்கோணங்களாக, சரிவகங்களாகப் பிரித்துத்தான் நம் சர்வேயர்கள் பரப்பைக் கணக்கிட்டு வந்திருக்கிறார்கள்.

ஆசிரியர்களே, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் பிள்ளைகள் கையில் கத்தரிக்கோலும் அட்டையும் நூலும் கொடுங்கள்.