படிக்கும் முன்பே தேர்வா?

அமெரிக்கச் சட்டக் கல்லூரியில் சேர நினைக்கும் மாணவர் காதில் முதலில் விழும் அறிவுரை இதுதான்: "எதையும் படிக்கத் தொடங்காதே. முதலில் முழு எல்சாட் மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிப் பார். எங்கே நிற்கிறாய் என்று தெரிந்துவிடும்." டயக்னாஸ்டிக் தேர்வு, அதாவது முன்தேர்வு என்று இதற்குப் பெயர். பயிற்சி மையங்களும் சீனியர்களும் இதையே சொல்கிறார்கள். எல்லாரும் சொல்வதாலேயே இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. பார்த்தால், இந்த ஓர் அறிவுரைக்குள் நான்கு தனித்தனி வாக்குறுதிகள் இருப்பது தெரியும். முன்தேர்வு உன் நிலையைக் காட்டும், உன் பலவீனங்களைக் காட்டும், திட்டமிட உதவும், எழுதுவதே ஒரு பாடமாகும். நான்கும் ஒரே அளவு வலுவுள்ளவை அல்ல.

முதலில் தேர்வின் இயல்பைப் பார்ப்போம். 1948 முதல் நடந்துவரும் எல்சாட் நுழைவுத் தேர்வில் சட்டம் கேட்கப்படுவதில்லை. பாடத்திட்டம் என்று எதுவும் இல்லை. வாதங்களைப் பகுத்துப் பார்க்கும் தர்க்கப் பகுதி இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று, மதிப்பெண்ணில் சேராத பரிசோதனைப் பகுதி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். மதிப்பெண் 120-இல் தொடங்கி 180-இல் முடியும். வேதியியல் படிக்காதவரை வேதியியல் தேர்வு எழுத வைத்தால் அவருக்கு வேதியியல் தெரியாது என்பது மட்டுமே தெரியவரும். ஆனால் வாசிப்பும் தர்க்கமும் எல்லாரிடமும் ஏதோ ஓர் அளவில் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே படிக்காமல் எழுதும் எல்சாட்டுக்கு அளக்க ஏதோ ஒன்று இருக்கிறது. முன்தேர்வுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த வாதம் இதுவே.

அண்மைய மாற்றம் ஒன்று இந்த வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 2024 ஆகஸ்டுக்கு முன்புவரை 'லாஜிக் கேம்ஸ்' என்ற புதிர்ப் பகுதி ஒன்றும் இருந்தது. ஏழு பேரை ஏழு நாற்காலிகளில் விதிப்படி உட்கார வைக்கும் வகைப் புதிர்கள் அவை. வரைபடம் போட்டுத் தீர்க்கும் முறை தெரியாதவர் முதல் முறை திணறிப் போவார். தெரிந்தபின் மளமளவென்று முன்னேறுவார். வரைபடம் போட்டுத் தீர்க்கும் புதிர்கள் பார்வையற்றோருக்கு அநீதி என்று பார்வையற்ற தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் அந்தப் பகுதி நீக்கப்பட்டது. பழைய வடிவில் முதல் மதிப்பெண்ணைப் பெரிதும் சாய்த்துக் காட்டியது அந்தப் புதிர்ப் பகுதியே. இன்றைய வடிவில் அந்தச் சாய்வு குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதே தவிர, மறைந்துவிடவில்லை.

இனி முதல் வாக்குறுதி. தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பே ஒவ்வொரு மதிப்பெண்ணோடும் ஒரு வீச்சையும் சேர்த்து வெளியிடுகிறது. அளவீட்டுப் பிழை ஏறத்தாழ 2.6 புள்ளி. 148 வாங்கியவரின் உண்மைத் திறன் 145-க்கும் 151-க்கும் நடுவே எங்கோ இருக்கலாம் என்று பொருள். அதுவும் உறுதியல்ல, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்புத்தான். இந்தக் கணக்கு உண்மையான தேர்வை எழுதியவர்களை வைத்துப் போட்டது. ஒன்றும் தெரியாமல் வீட்டில் எழுதுபவரின் எண்ணில் தடுமாற்றம் இன்னும் கூடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது என்பதுகூடத் தெரியாமல் பலர் பத்துக் கேள்விகளை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஐந்து தெரிவுகள் கொண்ட கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாகப் பத்தில் இரண்டு சரியாகும். இங்கே பறிபோன மதிப்பெண் தர்க்கத் திறனைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. விதி தெரியவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.

இந்தத் தாழ்ந்த தொடக்க எண்ணால் யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டும். இலவச முன்தேர்வு பல பயிற்சி நிறுவனங்களின் வாசற்படி. 'முதல் தேர்வுக்கும் கடைசித் தேர்வுக்கும் இடையே இத்தனை புள்ளி உயர்வு' என்பது அவர்களின் விளம்பரம். தொடக்கம் எவ்வளவு தாழ்ந்ததோ, உயர்வு அவ்வளவு பெரிதாகத் தெரியும். கேள்வித்தாளின் வடிவம் பழகியதாலேயே, எந்தப் பயிற்சியும் இல்லாமல் கிடைத்திருக்கக்கூடிய புள்ளிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். இதனால் முன்தேர்வே மோசடி ஆகிவிடாது. ஆனால் துளியும் தெரியாமல் எழுத வேண்டும் என்று வற்புறுத்துவதில் விற்பவருக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது என்பதை வாங்குபவர் மறக்கக் கூடாது.

இரண்டாவது வாக்குறுதி, பலவீனங்களைக் காட்டும் என்பது. நான்கிலும் அதிகம் நம்பப்படுவதும், நெருங்கிப் பார்த்தால் அதிகம் ஆட்டம் காண்பதும் இதுதான். மதிப்பெண்ணுக்குரிய இரண்டு தர்க்கப் பகுதிகளையும் சேர்த்தால் சுமார் ஐம்பது கேள்விகள். பயிற்சியாளர்கள் அவற்றை ஒரு டஜனுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறார்கள்: அனுமானத்தைக் கண்டுபிடிப்பது, வாதத்தின் ஓட்டையைச் சொல்வது, வலுப்படுத்துவது, பலவீனப்படுத்துவது, முரணை விளக்குவது என்று. சில வகைகளில் மூன்று கேள்விதான் வரும். ஒருவர் ஒரு வகையில் உண்மையாகவே பத்துக்கு ஆறு சரியாகப் போடக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று கேள்வி கொடுத்தால் இரண்டோ மூன்றோ தவறாகப் போக எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டால் நூற்றுக்கு முப்பத்தைந்து. அதாவது ஓரளவு நன்றாகவே செய்யக்கூடிய வகையையும் மூன்றில் ஒரு முறைக்கு மேல் முன்தேர்வு 'பலவீனம்' என்று முத்திரை குத்திவிடும். கணினி போட்டுத் தரும் வண்ண வண்ண வரைபடத்தை நம்பி ஒரு மாதத்தை ஒரே கேள்வி வகையில் செலவிடுவது, மூன்று கேள்விகளை வைத்து ஒரு மாதத்தைப் பந்தயம் கட்டுவதாகும்.

மூன்றாவது வாக்குறுதியான திட்டமிடலில் பாதி நிற்கிறது. எவ்வளவு மதிப்பெண் தேவை என்பதை முன்தேர்வு சொல்லாது. அதைச் சொல்லும் தரவு வேறிடத்தில் இருக்கிறது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் 509-ஆம் விதிப்படி, அதன் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் தன் மாணவர்களின் எல்சாட் மதிப்பெண்ணில் இருபத்தைந்தாவது, ஐம்பதாவது, எழுபத்தைந்தாவது விழுக்காட்டு நிலைகளை ஆண்டுதோறும் வெளியிட்டாக வேண்டும். குறிக்கோளை அங்கிருந்து எடுக்க வேண்டும். முன்தேர்வு காட்டுவது அந்தக் குறிக்கோளுக்கும் இன்றைய நிலைக்கும் இடையே உள்ள தூரத்தை, அதுவும் பருவெட்டாக. காலத்தைத் திட்டமிட அந்தப் பருவெட்டு அளவே போதும். 165 தேவைப்படும் ஒருவர் 142-இல் நிற்கிறாரா 160-இல் நிற்கிறாரா என்பது எந்த அளவீட்டுப் பிழையையும் மிஞ்சிய வேறுபாடு. ஒருவருக்கு ஓராண்டு வேண்டியிருக்கலாம். மற்றவருக்குச் சில மாதங்கள் போதும். தேர்வுக் கட்டணம் 200 டாலருக்கு மேல். வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். இந்த நிலையில் எப்போது எழுதுவது என்ற முடிவு சிறியதல்ல.

ஆனால் அந்த எண் மனத்தில் நங்கூரம் போட்டுவிடும் ஆபத்தும் இருக்கிறது. உளவியலாளர்களான டிவெர்ஸ்கியும் கானெமனும் 1974-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சோதனை வரும். ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதில் 10 விழுந்தவர்களிடமும் 65 விழுந்தவர்களிடமும், ஐ.நா. உறுப்பு நாடுகளில் எத்தனை விழுக்காடு ஆப்பிரிக்க நாடுகள் என்று கேட்டார்கள். முதல் கூட்டத்தின் நடு மதிப்பு 25. இரண்டாம் கூட்டத்தினது 45. கேள்விக்குச் சம்பந்தமே இல்லாத எண்ணே இப்படி இழுக்குமானால், சொந்தப் பெயரில் வந்த மதிப்பெண் எப்படி இழுக்கும்? 145 வாங்கியவர் 155 போதும் என்று தன் ஆசையைச் சுருக்கிக்கொள்ளலாம். 160 வாங்கியவர் அசட்டையாகிவிடலாம். எல்சாட் மாணவர்களை வைத்து நான் இதை நிறுவவில்லை, ஊகம்தான். ஆனால் புறந்தள்ளக்கூடிய ஊகமல்ல.

நான்காவது வாக்குறுதிக்கு ஆய்வுத் துணை இருப்பதாகச் சொல்வார்கள். ரிச்லேண்ட், கோர்னெல், காவ் ஆகியோரின் 2009 ஆய்வில், ஒரு கட்டுரையை வாசிக்கும் முன்பே அதைப் பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்ல முயன்று தோற்றவர்கள், பின்னர் அதே செய்திகளை மற்றவர்களைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். கேட்க இனிமைதான். ஆனால் அங்கே பலன் கிடைத்தது, முன்பு கேட்கப்பட்ட அதே செய்திகளில். எல்சாட்டில் ஒரு முறை பார்த்த கேள்வி திரும்ப வராது. நினைவில் வைக்கச் செய்தியும் இல்லை. இந்த ஆய்வை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து எல்சாட்டுக்குச் சாட்சி சொல்ல வைக்க முடியாது. ஒரு முறை மோதிப் பார்த்தவர் பாடத்தைக் கூர்ந்து கவனிப்பார் என்பது வரைக்கும் ஒப்புக்கொள்ளலாம்.

முன்தேர்வே வேண்டாம் என்பவர்களின் வாதங்களில் ஒன்று, நல்ல பழைய வினாத்தாள் வீணாகிறது என்பது. எல்சாக் புதிய வடிவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய தேர்வுகளைத் தன் 'லா ஹப்' தளத்தில் வைத்திருக்கிறது. சில இலவசம், மற்றவை சந்தாவுக்கு. ஐம்பதில் ஒன்று போவது பெரிய இழப்பல்ல. மனம் உடைந்துவிடும் என்பது இன்னொரு வாதம். அது ஆளைப் பொறுத்தது. குறைந்த எண்ணைக் கண்டு மூன்று நாள் படுத்துவிடுபவர் தன்னைப் பற்றி அறிந்திருப்பார். அவர் சில வாரம் பாடங்களை முடித்துவிட்டு எழுதினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆக, மதிப்பெண் தருவது கொஞ்சம்தான். முன்தேர்வின் உண்மையான பயன் மதிப்பெண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வாதம் இது: 'நகர நூலகம் இரவு 9 மணிவரை திறந்திருக்கத் தொடங்கியது. அதன்பின் இரவல் போகும் நூல்கள் கூடின. ஆகவே நேர நீட்டிப்பே உயர்வுக்குக் காரணம்.' இது எந்த அனுமானம் இல்லாமல் நிற்காது என்பது கேள்வி. சரியான விடை, 'அதே சமயம் வாங்கிய புது நூல்கள் மட்டுமே இந்த உயர்வுக்குக் காரணமல்ல' என்பது போல் இருக்கும். அதை மறுத்தால் வாதம் விழுந்துவிடும். 'நேரத்தை நீட்டிக்கும் எந்த நூலகத்திலும் அதனால் இரவல் கூடும்' என்ற தெரிவு ஆளை மயக்கும். அது உண்மையானால் வாதம் அசைக்க முடியாததாகும். ஆனால் வாதத்துக்கு அவ்வளவு பெரிய கூற்று தேவையே இல்லை. இப்போது மூன்று பேர் இந்த மயக்கும் தெரிவைக் குறிக்கிறார்கள். ஒருவருக்குத் தேவையானதற்கும் போதுமானதற்கும் வேறுபாடு தெரியாது. இன்னொருவர் அது தெரிந்தும் கேள்வியை 'வலுப்படுத்துக' என்று தவறாகப் படித்துவிட்டார். மூன்றாமவருக்கு இருபது நொடிதான் மிச்சம் இருந்தது. விடைத்தாளில் மூவருக்கும் ஒரே தவறு. ஆனால் முதலாமவருக்குப் பாடம் வேண்டும், இரண்டாமவருக்கு வாசிப்பு ஒழுங்கு வேண்டும், மூன்றாமவருக்கு நேரப் பழக்கம் வேண்டும்.

இந்த வேறுபாட்டைப் பிடிக்க எல்சாட் மாணவர்களிடம் 'பிளைண்ட் ரிவ்யூ' என்ற வழக்கம் இருக்கிறது. நேரம் வைத்து எழுதும்போதே ஐயமான கேள்விகளைக் குறித்துக்கொள்வது. முடிந்ததும் விடைகளைப் பார்க்காமல், கடிகாரமும் இல்லாமல் அவற்றை மறுபடி போடுவது. ஒவ்வொன்றுக்கும் காரணத்தை எழுதுவது. இப்போது கையில் இரண்டு மதிப்பெண்கள். முதலாவது 150, இரண்டாவது 163 என்றால் தர்க்கம் இருக்கிறது, வேகம் இல்லை. 150, 152 என்றால் நேரம் எவ்வளவு கொடுத்தாலும் தடுமாற்றம் தீராது; அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். ஒற்றை எண்ணால் சொல்ல முடியாததை இந்த இடைவெளி சொல்லிவிடுகிறது. இதைச் செய்யாமல் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மூடிவைப்பவர் இரண்டரை மணி நேரத்தைச் செலவழித்து அதன் பயனில் பெரும்பகுதியைத் தூக்கி எறிகிறார்.

நம்மூர் மாணவருக்கு இரண்டு செய்திகள். அமெரிக்காவில் எல்.எல்.எம். சேர விரும்பும் இந்தியச் சட்டப் பட்டதாரிக்குப் பொதுவாக எல்சாட் தேவையில்லை, அங்குள்ள அடிப்படைச் சட்டப் பட்டமான ஜே.டி. படிப்புக்குத்தான் இந்தப் பேச்செல்லாம். இன்னொன்று, இங்கே சொல்வதை இந்தியச் சட்ட நுழைவுத் தேர்வான கிளாட்டுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களுக்கு வாசலான கிளாட்டில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போகும். நடப்பு நிகழ்வுகள் என்ற பகுதி செய்தியறிவைக் கேட்கிறது. படிக்காமல் அதை எழுதினால் படிக்கவில்லை என்பதுதான் விடையாக வரும். கிளாட் முன்தேர்வில் ஆங்கிலம், சட்டத் தர்க்கம், தர்க்கம் ஆகிய பகுதிகளை மட்டும் கணக்கில் எடுப்பதே முறை.

என் தீர்ப்பு இது. முன்தேர்வை எழுதலாம்; எழுத வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் கண்ணைக் கட்டிக்கொண்டு எழுத வேண்டாம். ஒரு மாலை ஒதுக்கித் தேர்வின் அமைப்பு, விதிகள், கேள்வியின் வடிவம் இவற்றைத் தெரிந்துகொண்டபின் எழுதுங்கள். லாஜிக் கேம்ஸ் இல்லாத அதிகாரபூர்வ வினாத்தாளை எடுங்கள்; பயிற்சி மையம் தானே தயாரித்த தாளை நம்ப வேண்டாம். ஒரு கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள். விடையைப் பார்க்கும் முன் மறுபார்வை செய்யுங்கள். கிடைத்த எண்ணை எவ்வளவு காலம் படிப்பது என்ற ஒரே முடிவுக்குப் பயன்படுத்துங்கள். எந்தக் கல்லூரிக்கு ஆசைப்படலாம் என்பதை அதனிடம் கேட்காதீர்கள். எந்தக் கேள்வி வகையில் பலவீனம் என்ற முடிவை மூன்று, நான்கு தேர்வுகள் சேரும்வரை தள்ளிவையுங்கள். மறுபார்வைக்கு இன்னொரு மாலை ஒதுக்க முடியாதவர், முன்தேர்வையும் அதற்கு நேரம் கிடைக்கிற நாள்வரை ஒத்திவைப்பதே மேல்.