பெயரும் குரலும்

தனிமை எக்காலத்துக்கும் பொதுவான உணர்வு என்பர். உணர்வு பொதுவாயினும் அது வெளிப்படும் முறை சமூகத்துக்குச் சமூகம் வேறுபடும். குறுந்தொகையில் பதுமனார் பாடிய 6ஆம் செய்யுளையும், பீற்றில்ஸ் குழுவினர் 1966இல் வெளியிட்ட ‘எலினோர் றிக்பி’ என்னும் பாடலையும் ஒப்புநோக்குமிடத்து இது புலனாகும்.

தலைவன் பொருள்தேடிப் பிரிந்துள்ளான். நள்ளிரவில் ஊரும் உலகும் உறங்க, தலைவி மட்டும் விழித்திருக்கிறாள். அகத்திணை மரபுப்படி அவளுக்குப் பெயரில்லை. ஆயினும் அந்நான்கடிகளும் அவள் கூற்றே. அதனைக் கேட்கத் தோழி இருக்கிறாள்.

ஆங்கிலப் பாடலில் நிலைமை மறுதலையானது. மணவினை முடிந்த தேவாலயத்தில் அரிசி பொறுக்கும் எலினோருக்கும், எவரும் கேளாத பிரசங்கத்தை எழுதும் பாதிரியார் மக்கென்சிக்கும் பெயருண்டு, பேச்சில்லை. அவர்களைப் பற்றிப் பிறரே பாடுகின்றனர். அவ்விருவரையும் பாடல் ஒன்றுசேர்ப்பது அவளது அடக்கத்தின்போதுதான். கிற்றாரும் தாளவாத்தியமுமின்றி எட்டுத் தந்தி வாத்தியங்களே குரலுக்குத் துணையாவது அவ்வெறுமையைக் கூர்மையாக்குகின்றது.

முன்னையது மீட்சியை எதிர்நோக்கும் பிரிவாற்றாமை. பின்னையது எதிர்நோக்க எவருமற்ற அந்நியமாதல். உலகெங்கும் ஒலித்த பாடலொன்றின் மாந்தருக்குப் பாடலினுள்ளே செவிகொடுப்போர் இல்லை. தனிமை மனித இயல்பு என்று அமைதிகொள்ளும் திறனாய்வு, கேட்போரை இழந்த சமூகத்தைக் கேள்விக்குட்படுத்தத் தவறிவிடுகின்றது.