கலந்து வாழ்வதற்கு யார் விலை கொடுப்பது?

சிங்கப்பூரில் ஈசூன் பகுதியில் அடுக்குமாடி வீடு வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று அதை விற்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தரகரிடம் போவதற்கு முன்பே அவர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் இணையப் பக்கத்தில் தங்கள் புளோக் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட வேண்டும். அந்த வீட்டை இந்த மாதம் எந்த இனத்தவர் வாங்கலாம், எந்த இனத்தவர் வாங்க முடியாது என்று அது சொல்லிவிடும். மாதா மாதம் முதல் தேதி இந்தக் கணக்கு புதுப்பிக்கப்படுகிறது.

இதன் பெயர் இன ஒருங்கிணைப்புக் கொள்கை. 1989 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அறிவித்தவர் அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த எஸ். தனபாலன்; தமிழர். இப்போதைய வரம்புப்படி ஒரு புளோக்கில் சீனர் வீடுகள் 87 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்ந்து 15. பேட்டை அளவில் இவை 84, 22, 12. இட ஒதுக்கீடு என்றதும் நம்மூர்க்காரருக்கு நினைவுக்கு வருவது, குறைந்தது இத்தனை இடம் உனக்கு உண்டு என்ற உறுதி. இங்கே இருப்பது நில உச்சவரம்புச் சட்டம் போன்ற ஒன்று: இதற்கு மேல் உனக்குக் கிடையாது.

இது ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 1964 ஜூலை 21 ஒரு பதில். அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் வெடித்த சீன-மலாய்க் கலவரத்தில் 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் மூண்டு 13 பேர். அந்தக் காலத்தில் மலாய்க்காரருக்கு ஒரு கம்பம் (சிற்றூர்), சீனருக்கு ஒரு கம்பம் என்று குடியிருப்புகள் பிரிந்தே கிடந்தன. 1960இல் தொடங்கிய வீடமைப்புக் கழகம் அந்த மக்களையெல்லாம் அடுக்குமாடிகளுக்கு மாற்றியது. மாற்றும்போது கலந்தும் வைத்தது. ஆனால் மறுவிற்பனை பெருகியபோது மக்கள் மீண்டும் தம்மவர் பக்கம் நகர்ந்தார்கள். எண்பதுகளின் இறுதியில் பிடோக்கிலும் தெம்பனிஸிலும் மலாய்க்காரர், ஹவ்காங்கில் சீனர், ஈசூனில் இந்தியர் என்று திரள் தெரிந்தது. கோயில் பக்கம், கடை பக்கம், அக்கா வீட்டுப் பக்கம் என்று ஒவ்வொரு குடும்பமும் நியாயமான காரணத்தோடு எடுத்த முடிவுகள்தாம் அவை. எல்லாம் சேர்ந்தபோது அரசின் கண்ணுக்குப் பழைய கம்பம் திரும்பி வருவதாகப் பட்டது.

கொள்கையின் பலத்தைக் குறைத்துப் பேச முடியாது. நாட்டில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு இந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள். ஆகவே கலப்பு என்பது அங்கே நகரத்தின் ஒரு மூலையில் நடக்கும் சோதனை முயற்சி இல்லை. புளோக்கின் தரைத்தளத்தைச் சுவரில்லாமல் திறந்து விட்டிருப்பார்கள். ஒரு வாரக் கடைசியில் அங்கே மலாய்க் கல்யாணப் பந்தல். இன்னொரு வாரம் சீனர் வீட்டு இழவு, பகலும் இரவுமாக நாட்கணக்கில். மின்தூக்கிக்குப் போகிறவர் எல்லாரும் இரண்டையும் தாண்டித்தான் போக வேண்டும். தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் பார்க்கப்படுவதால் இந்தக் கலப்பு வகுப்பறைக்கும் போகிறது. இங்கிலாந்தில் 2001இல் ஓல்டம், பர்ன்லி, பிராட்ஃபர்டு நகரங்களில் கலவரம் நடந்தது. ஆராய்ந்த கான்டில் குழு, வெள்ளையரும் ஆசியரும் ஒன்றையொன்று தொடாத இணை வாழ்க்கை வாழ்வதாகச் சொன்னது. சிங்கப்பூரின் பேட்டைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஆனாலும், 1969 கலவரத்துக்குப் பிறகு சிங்கப்பூரில் பெரிய இனக்கலவரம் இல்லாததற்கு இந்தக் கொள்கைதான் காரணம் என்ற வழக்கமான பெருமிதத்தை நான் ஏற்பதில்லை. கொள்கை வருவதற்கு முன்பே இருபதாண்டு அமைதி கழிந்துவிட்டது. கட்டாய ராணுவச் சேவை, வேலைவாய்ப்பு, கடுமையான பாதுகாப்புச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. அதே அரசுதான் 1979இல் சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் முதலிடம் தரும் சிறப்புப் பள்ளிகளைத் தொடங்கியது. மற்ற இனப் பிள்ளைகளை அநேகமாகப் பார்க்காமலே ஒரு மாணவர் அங்கே படித்து முடிக்கலாம். வீட்டில் கூடாது என்பது பள்ளியில் மட்டும் எப்படிக் கூடும்?

கொள்கையின் பெரிய குறை விற்பனைக் கணக்கில் இருக்கிறது. வரம்பு மூன்று இனத்துக்கும் பொது. வலி பொதுவாக இல்லை. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிறைந்துவிட்டது என்றால், அங்கே வீடு வைத்திருக்கும் சீனர் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், அதனால் சீனர் விகிதம் உயராது. தமிழரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க முடியாது. 2020 குடிக்கணக்குப்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு. அதாவது, வாங்கக்கூடியவர்களில் முக்கால் பங்கு ஒரே அடியாகப் போய்விடுகிறது. மாறாக, மலாய் வரம்பு நிறைந்த புளோக்கில் விற்கும் சீனர் இழப்பது 13.5 விழுக்காட்டினரை மட்டுமே. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் நம் ஈசூன் குடும்பம் மாதக்கணக்கில் காத்திருக்கும், பிறகு விலையை இறக்கும். பக்கத்து வீட்டுச் சீனர் அதே மாடியில், அதே அளவு வீட்டை, நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் போயிருப்பார். பலருக்கு வாழ்நாள் சேமிப்பே அந்த வீடுதான். நல்லிணக்கம் ஊருக்கெல்லாம் பொது. அதற்கான ரசீது மட்டும் சிறுபான்மையினர் பெயரில் வருகிறது.

அரசியலிலும் இதற்கு ஒரு நீட்சி உண்டு. மலாய்க்காரரோ இந்தியரோ பெரும்பான்மையாக இருக்கும் தொகுதி என்று ஒன்று உருவாகவே வழியில்லை. சிறுபான்மை வேட்பாளர் ஒருவராவது அணியில் இருக்க வேண்டும் என்ற குழுத்தொகுதி முறை 1988இலேயே வந்துவிட்டது. சிறுபான்மையினருக்கு இடம் உறுதி; ஆனால் கட்சித் தலைமையின் தயவில். 2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்குப் பெற்றதைப் பார்த்தால், வாக்காளர் சட்டத்தைவிட முன்னே போய்விட்டாரோ என்றுகூடத் தோன்றுகிறது.

அடுத்தது, பெட்டிகளின் சிக்கல். மூன்று தலைமுறையாக அங்கே வாழும் தமிழர், நேற்று தில்லியிலிருந்து வந்து குடியுரிமை வாங்கிய மென்பொருள் பொறியாளர், யுரேசியர், பிலிப்பினோ - எல்லாரும் ஒரே 15 விழுக்காட்டுக்குள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். குடியேற்றம் பெருகிய பிறகு 2010இல்தான் அந்த வரம்பு 13இலிருந்து 15 ஆனது. அதே ஆண்டு நிரந்தரவாசிகளுக்கும் புளோக்குக்கு 8 விழுக்காடு என்று ஒரு வரம்பு வந்தது. மலேசியருக்கு மட்டும் அதில் விலக்கு, பண்பாட்டு நெருக்கம் காரணமாக. 1989இல் வரைந்த கோடு உள்ளூர் இனங்களுக்கானது. இப்போது வரும் உரசல் பல நேரம் இனத்துக்குள்ளேயே, பழையவருக்கும் புதியவருக்கும் இடையே நடக்கிறது. அதை இந்தப் பெட்டிகள் பதிவு செய்வதேயில்லை.

இந்தக் கணக்குக்குள் அடியோடு வராதவர்களும் உண்டு. கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த தமிழ்நாட்டு, வங்கதேசத்து ஊழியர்கள் பெருந்தொகையாக ஊருக்கு ஒதுக்குப்புறமான விடுதிகளில் வாழ்கிறார்கள். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் பேருந்து மோதித் தமிழ்நாட்டு ஊழியர் ஒருவர் இறந்தபோது கலவரம் மூண்டது. 2020இல் கொரோனா தொற்றின் மிகப் பெரும்பகுதி இந்த விடுதிகளில்தான். குடிமக்கள் ஓரிடத்தில் திரளக்கூடாது என்று விழுக்காடு போட்டுக் காக்கும் நாடு, இவர்களுக்கு மட்டும் திரளைத் தானே கட்டித் தருகிறது. வீட்டுக் கொள்கையை மெச்சுகிற வெளிநாட்டு ஆய்வாளர்கள் பலர் விடுதிப் பக்கம் போவதில்லை. அடுத்த வீட்டில் வேற்றினத்தார் இருந்தால் அச்சம் குறையும் என்பது உண்மையானால், அது இவர்களுக்கும் பொருந்தத்தானே வேண்டும்?

கொள்கையைக் கைவிட வேண்டும் என்ற குரலோடு எனக்கு உடன்பாடில்லை. ஆளைப் பார்த்து வாடகைக்கு விடும் வழக்கம் அங்கேயும் இருக்கிறது. இந்தியருக்கு இல்லை என்று வெளிப்படையாகவே போட்ட விளம்பரங்கள் செய்தியாகியிருக்கின்றன. வரம்பை எடுத்தால் திரள் திரும்பிவிடும். மாற்ற வேண்டியது செலவை யார் தலையில் கட்டுவது என்பதைத்தான். 2022 மார்ச்சில் அரசு இதில் ஓர் அடி வைத்தது: வரம்பால் விற்க முடியாமல் திண்டாடும் உரிமையாளரின் வீட்டை, தகுதி பார்த்து, கழகமே வாங்கிக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் முயன்று தோற்று, அதைக் காட்டி, மனுப் போட்டுக் கேட்டுப் பெறும் சலுகையாகவே அது இருக்கிறது. விற்க முடியாமல் போனவரை விட்டால், விலையை இறக்கி விற்றுவிட்டவருக்கு இதில் ஒன்றுமே இல்லை. நிலம் அரசுடையது, வீடு 99 ஆண்டுக் குத்தகை, ஒவ்வொரு மறுவிற்பனையும் கழகத்தின் பதிவேட்டில் விலையோடு இருக்கிறது. எந்தப் புளோக்கில் யாருக்கு விற்கலாம் என்று மாதந்தோறும் கணக்கிடும் கழகம், அந்த வரம்பால் விற்பவருக்கு எவ்வளவு குறைந்தது என்பதையும் கணக்கிட்டுக் கேட்காமலே கொடுத்துவிடலாம்.