கருமையிற் பிறந்த காதற்பாட்டு

காதற்பாட்டென்றதும் முகஞ்சுளிப்போர் நம்மவருள் உளர். அவர்கள் போஸ்னிய முஸ்லிம்களின் 'ஸெவ்தாலிங்கா'வை அறிதல் நன்று.

அரபியில் 'ஸவ்தா' என்பது கருமை. யூனானி மருத்துவத்தில் மனச்சோர்வு விளைக்கும் கரும்பித்தம். துருக்கியர் நாவில் அது காதலாயிற்று. உஸ்மானிய ஆட்சியில் போஸ்னிய நகரங்களிற் பாட்டாயிற்று. சொல் இரவலாயினும் பாடும் மொழி ஸ்லாவியமே. முற்றமும் மதிலும் சாளரமும் இடைநிற்க, நாணத்தோடு ஏங்குவதே இப்பாடல்களின் உயிர்.

கற்புநெறிக் காதலால் உயிர்விடுவோர் எனப் புகழ்பெற்ற அரபுக் குலத்தார் பனூ உத்ரா. அவர்களை ஜெர்மானியக் கவிஞர் ஹைனே பாடினார். அக்கவிதையை ஸஃப்வத் பேக் பஷாகிச் போஸ்னிய மொழியில் ஆக்கினார். மக்களோ, ஆக்கியோன் பெயரையும் மறந்து, தம் பாட்டாகவே அதனைப் பாடினர்.

2024இல் யுனெஸ்கோ ஸெவ்தாலிங்காவை மானுட மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. காதலைப் பாடுவதன்று, நாணமிழந்து பாடுவதே இழுக்கென்பது நம் துணிபு.