பெயரும் அயலானும்: வீட்டுத் திரையில் கண்ட இரு படங்கள்

நாம் சிறுவராயிருந்த நாட்களில், திரைப்படம் பார்ப்பது திருச்சபையில் ஓர் ஒழுக்கப் பிரச்சினையாகவே கருதப்பட்டது. சனிக்கிழமை கொட்டகைக்குச் சென்ற வாலிபன் ஞாயிறன்று திருவிருந்துக்கு முன்வரத் தயங்கினான். இன்றோ கொட்டகை ஆயர் மனைக்குள்ளேயே வந்துவிட்டது. இராஜபாளையத்தில் நம் இல்லத்தில் இரவு ஜெபத்துக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து படம் பார்க்கிறோம். திருவில்லிபுத்தூருக்கு இல்லச் சந்திப்புக்குச் சென்றால் அங்குள்ளோரும் அதே படங்களைப் பற்றியே பேசுகின்றனர். பார்க்கலாமா என்னும் பழைய கேள்வி ஓய்ந்துவிட்டது. பார்த்ததைத் திருமறையின் ஒளியில் எவ்வாறு எடைபோடுவது என்னும் கேள்வி நிற்கிறது. அண்மையில் கண்ட இரு படங்களை இந்நோக்கில் ஆராய்வோம்.

முதலாவது, மடோன் அஸ்வின் இயக்கிய ‘மண்டேலா’. 2021 ஏப்ரல் 4 அன்று, தமிழகச் சட்டமன்றத் தேர்தலுக்கு இரு நாட்களுக்கு முன், திரையரங்குக்குச் செல்லாமலே தொலைக்காட்சி வழியாக இல்லங்களுக்கு வந்த படம் இது. சாதியால் இரண்டாகப் பிளந்த ஓர் ஊரில், மரத்தடியில் வாழும் முடிதிருத்தும் தொழிலாளியை எல்லாரும் ஏளனப் பெயர்களால் அழைக்கின்றனர். அஞ்சலகத்தில் கணக்குத் தொடங்கச் சென்ற இடத்தில்தான் அவனுக்கு ‘நெல்சன் மண்டேலா’ என்ற பெயர் கிடைக்கிறது. ஊராட்சித் தேர்தலில் இரு தரப்பும் சமபலமாக நிற்க, அவனுடைய ஒரு வாக்கு விலைமதிப்புப் பெறுகிறது. நேற்றுவரை புறவாசலில் நிறுத்தியவர்கள் இன்று விருந்து படைக்கின்றனர். யோகி பாபுவின் அடக்கமான நடிப்பு இப்படத்தின் பெரும்பலம். ஊரார் அவன் பக்கம் திரும்புவது சற்று விரைவாக நிகழ்கிறது என்பது நம் குறை. எனினும் ஒரு மனிதனைப் பெயரற்றவனாக வைத்திருப்பதும் ஒடுக்குமுறையே என்பதை நகைச்சுவையின் வாயிலாக இவ்வளவு தெளிவாக உரைத்த படம் அரிது.

இரண்டாவது, 2023 மார்ச்சில் வெளிவந்த, மந்திரமூர்த்தியின் ‘அயோத்தி’. வடநாட்டிலிருந்து இராமேசுவரத்துக்குத் திருத்தலப் பயணம் வந்த குடும்பம் வழியில் விபத்துக்குள்ளாகிறது, தாய் இறந்துபோகிறாள். மொழி தெரியாத ஊரில், தீபாவளி நாளில், அவள் உடலைச் சொந்த ஊருக்கு அனுப்ப ஓர் இளைஞன் அலைகிறான். பிரேதப் பரிசோதனை, அலுவலகச் சான்றுகள், விமானக் கட்டணம் என ஒவ்வொரு தடையாக அவன் கடப்பதைப் படம் பொறுமையுடன் காட்டுகிறது. சசிகுமார் ஏற்ற அப்பாத்திரத்தின் பெயர் இறுதியில்தான் வெளிப்படுகிறது: அப்துல் மாலிக். நம் இல்லத்தில் ஒரு கணம் ஒருவரும் பேசவில்லை.

நல்ல சமாரியன் உவமையை இங்கு நினையாத ஆயர் இரார். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் காயம் கட்டும் துணி நெய்யும் தறிகளின் ஓசையைக் கேட்டு வாழும் நமக்கு அவ்வுவமை தொலைவான கதையுமன்று. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். நம் ஆண்டவர், உதவினவன் சமாரியன் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவன் காயங்களைக் கட்டும்போதெல்லாம் கேட்போர் அந்த இடறலைச் சுமக்க வேண்டியிருந்தது. படமோ அதை ஒளித்துவைத்து, நாம் அவனை நேசித்த பின்னரே சொல்கிறது. இதனால் நம் முன்முடிவு அம்பலமாகிறது என்பது உண்மை. ஆயினும், சிறுபான்மையினன் ஒருவன் இத்தனை தியாகம் செய்து தன் நன்மையை மெய்ப்பித்தால்தான் அயலானாக ஏற்கப்படுவானோ என்ற கலக்கமும் எழுகிறது. தந்தையின் கொடுமையை ஒரே வண்ணத்தில் தீட்டியதும், இசை நம் கண்ணீரை வற்புறுத்திக் கேட்பதும் பிற குறைகள். இவ்வகையில் ‘மண்டேலா’வையே மேலான படைப்பாகக் கருதுகிறோம்.

இப்படங்கள் நம்மையும் எடைபோட்டன என்பதை மறைப்பதற்கில்லை. நாம் ஊழியஞ்செய்த சபையொன்றில், நான்கு ஆண்டுகளாக நம் அருகில் நின்று கல்லறைக் குழிகளை மூடிய மனிதரின் பெயர் நமக்குத் தெரியாது. கணக்கேட்டில் நம் கையெழுத்திலேயே ‘குழி வெட்டியவர் கூலி’ என்றிருந்தது. ‘மண்டேலா’வைப் பார்த்த பின், அடுத்த அடக்க ஆராதனை முடிந்ததும் அவரிடம் பெயர் கேட்டோம். அவர் முகம் வாடியது. “எதுக்கு ஐயா? ஏதும் தப்பு நடந்துபோச்சா?” என்றார்.

நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர்சொல்லி அழைப்பதைப் பற்றி நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். பெயர் கேட்கப்படுவதையே தண்டனையின் முன்னறிவிப்பாக எண்ணும் ஒரு மனிதர் நம் கல்லறைத் தோட்டத்திலேயே நின்றிருந்தார். இறையியல் மாணவர்கள் இப்படங்களைப் பார்க்கட்டும். பிரசங்கத்துக்கு உதாரணம் தேடுவதற்கு முன், தம் சபையில் தாம் பெயரறியாதவர் யார் யாரென ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். அடுத்த ஞாயிறுக்குள் அத்தாளில் ஒரு பெயரேனும் நிரம்பினால், படம் பார்த்த இரவு வீணானதன்று.