காலிக் கோட்டை வீடுகளும் இடைவெளி விதியும்: ஒரு விமர்சன நோக்கு

நகரமைப்பு விதியொன்றை விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது கலைப்பீட மாணவர் ஒருவருக்கு உரிய பணிதானா என்ற வினா எழலாம். கவிதைக்கும் நாவலுக்கும் இருப்பது போலவே விதிக்கும் ஓர் உலகநோக்கு உண்டு. மனிதர் எவ்வாறு வாழ்கின்றனர் என அதனை ஆக்கியோர் எண்ணினரோ, அவ்வெண்ணம் அதன் அடிக்கணக்குகளுக்கும் பாகைகளுக்கும் இடையே உறைந்து கிடக்கிறது. காலிக் கோட்டைக்குள் உள்ள பழைய வீட்டோடு ஓர் அறையையோ மேல்மாடியையோ சேர்க்க முனைவோர் எதிர்கொள்ளும் இடைவெளி விதியையும், அதற்கு அளிக்கப்படும் விலக்கையும் இந்த நோக்கிலேயே இங்கு அணுக முற்படுகிறேன்.

கட்டடத்துக்கும் தெருவுக்கும் இடையிலும், கட்டடத்துக்கும் அயல் எல்லைக்கும் இடையிலும் வெறுநிலம் விடப்படவேண்டும் என்பதே இவ்விதியின் சாரம். அதன் பிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 1914இல் பிளேக் நோய் கொழும்பை வந்தடைந்தது. மறு ஆண்டிலேயே வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்து கிடந்த இருண்ட குடியிருப்புகளுக்குக் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்ற நியாயமான கவலை அக்காலத்துக்கு உரியது. இலங்கையில் வீட்டு வரைபடம் கீறுவோருக்குப் பழகிப்போன 63½ பாகைக் கோணம் 1894ஆம் ஆண்டின் இலண்டன் கட்டடச் சட்டத்திலும் காணப்படுவதாகும். திறந்த வெளியின் அகலத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்குக்கு மேற் சுவர் உயரலாகாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றியது. 1986இல் வெளிவந்த அதன் திட்டமிடல், கட்டட ஒழுங்குவிதிகளும் இதே மரபில் வந்தவையே.

இவ்விதிகள் மனத்திற்கொண்ட வீடு எது? நாற்புறமும் நிலம் சூழ நடுவே நிற்கும் வீடு. கறுவாத்தோட்டத்துப் பங்களாவின் சிற்றுருவம். கோட்டை வீடோ முற்றிலும் வேறானது. 1640இல் போர்த்துக்கேயரிடமிருந்து காலியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் வகுத்த வீதிகளில் வீடுகள் வீதியைத் தொட்டே நிற்கின்றன. பக்கச் சுவர் இரு வீட்டாருக்கும் பொது. முன்னே தூண் நிறுத்திய விறாந்தை, அதனையடுத்து மண்டபம், அதற்கப்பால் வானம் பார்த்த முற்றம், கிணறு. காற்றும் வெளிச்சமும் பக்கங்களிலிருந்து வருவதில்லை. முற்றத்தின் வழியே மேலிருந்து இறங்குகின்றன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதனை விளக்க வேண்டியதில்லை.

எனவே முன்னிடைவெளியையும் பக்க இடைவெளியையும் இங்கு வற்புறுத்துவது அபத்தமாகும். ஒரு வீடு பத்தடி பின்வாங்கினால் வீதியின் விறாந்தை வரிசையே பல்லுதிர்ந்த வாய்போலாகிவிடும். இதனை அதிகாரிகளும் அறிவர். அதனாலேதான் விலக்கு அளிக்கப்படுகிறது. ஆனால் அது ‘விலக்கு’ என்றே அழைக்கப்படுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்து றோனோக் நகரம் இவ்விடயத்தில் வேறொரு வழியைக் கண்டது. அத்தெருத்துண்டில் ஏற்கெனவே உள்ள வீடுகளில் அறுபது சதவீதமானவை தெருவிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, அதுவே புதிய கட்டடத்துக்கும் அளவு என்றது அந்நகர விதி. நகரசபை விலக்களிக்கும் உரிமையையும் வைத்துக்கொண்டது. 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனைச் செல்லுபடியாக்கியது. அளவுகோல் தெருவிலிருந்தே எடுக்கப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது. அவ்வாறு அளந்தால் கோட்டையில் முன்னிடைவெளி பூச்சியம். பூச்சியமே அங்கு விதி. வீட்டுக்காரர் எவரிடமும் இரந்து பெறவேண்டிய சலுகையன்று அது.

இதனிலும் பாரதூரமான குறை ஒன்றுண்டு. எல்லையிலிருந்து உள்நோக்கி அளக்கும் விதிக்கு வீட்டின் நடுவே இருக்கும் முற்றம் கண்ணிற் படுவதில்லை. பின்னெல்லையில் விதிக்கப்பட்ட கீற்று நிலத்தை ஒழுங்காக விட்டுவிட்டு, முற்றத்துக்குக் கூரையிட்டு இரண்டு அறைகளாக்கினால் இடைவெளி அட்டவணையின் கணக்குச் சரியாகிவிடும். வீடு மூச்சடைத்துப் போகும். மாறாக, முற்றத்தைக் காத்து அயற் சுவரோடு ஒட்டி அறை கட்டுபவர் விதியை மீறியவராவார். காற்றுக்காகப் பிறந்த விதி, காற்றை அடைப்பவருக்குத் துணைநின்று காற்றைக் காப்பவரைக் குற்றவாளியாக்குவது எத்துணை முரண்!

இம்முரணின் சமூகப் பரிமாணத்தையும் நோக்குதல் வேண்டும். கோட்டையின் குடியிருப்பாளரில் முஸ்லிம் குடும்பங்கள் கணிசமானவை. அவர்களில் தமிழ் பேசுவோரும் உளர். பழைய வீட்டில் மக்கள் பெருகும்போது மணமாகும் மகளுக்கு ஓர் அறை தேவைப்படுகிறது. அத்தேவையோடு அவர்கள் மாநகர சபை, நகர அபிவிருத்தி அதிகார சபை, தொல்பொருள் திணைக்களம், 1994ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த காலி மரபுரிமை மன்றம் ஆகியவற்றுக்கு இடையே நிற்க வேண்டியுள்ளது. 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்த பின்னர் அதன் வீடுகளுக்குப் பெருமை கூடியது, விலையும் கூடியது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைக் கோட்டை மதில்கள் தடுத்து நின்றன. பணத்தின் வரவை அவை தடுக்கவில்லை. வெளிநாட்டார் பலர் வீடுகளை வாங்கினர், விடுதிகள் எழுந்தன. முற்றங்கள் சிலவற்றில் இன்று நீச்சற் குளங்கள் உள்ளன. விருப்பாணையில் தங்கிய விலக்கு, கட்டடக் கலைஞரை அமர்த்தி, வரைபடத்தை மும்முறை திருத்திக் காத்திருக்கக் கூடியவருக்கே எளிதில் எட்டும். அறை கட்ட முடியாத குடும்பம் வீட்டை விற்று மதிலுக்கு வெளியே போகும். நெதர்லாந்தின் உதவியோடு குடியிருப்பாளரின் வீடுகள் சில புதுப்பிக்கப்பட்டமை வரவேற்கத்தக்கதே. எனினும் பழுதுபார்த்தல் வேறு, இடம் பெருக்குதல் வேறு.

அப்படியாயின் எதையும் எங்கும் கட்டலாமா? அன்று. மதில்மேல் நடப்பவருக்குக் கோட்டையின் ஓட்டுக் கூரைகள் அனைத்தும் தெரியும். வீதியிலிருந்து மறைந்திருக்கும் பின்மாடி அங்கிருந்து துருத்திக்கொண்டு நிற்கும். வீதிமுகத்தை மட்டும் பார்த்து விலக்களிப்போர் இதனைத் தவறவிடுகின்றனர். ஆகவே உயரத்திலும் கூரைச் சரிவிலும் முற்றத்தின் பரப்பிலும் விதி இறுக்கமாயிருத்தல் வேண்டும். விடுதிக்காரருக்கும் அதே இறுக்கம் பொருந்தவேண்டும். பின்வளவில், முற்றத்தைத் தொடாது, அயற் சுவரோடு ஒட்டி, ஓட்டுச் சரிவுக்குக் கீழே அடங்கும் ஓரறையை ஒரு குடும்பத்துக்கு அனுமதிப்பதால் வீதிக்கோ கூரைக்கோ நேரும் இழப்பு எதுவுமில்லை.