மெல்லியதும் மென்மையானதும்: ஓர் அடிச்சொல்லின் பொருளெல்லை

ஒரு பெயரடையின் பொருளெல்லையை அறிய அதன் எதிர்ச்சொல்லைத் தேடுவது பயனுள்ள வழியாகும். 'மெல்' என்னும் அடிச்சொல்லைப் பொறுத்தவரை இவ்வழி நம் இலக்கண மரபுக்கும் இயைந்ததே. தொல்காப்பியம் மெய்களை வல்லெழுத்து, மெல்லெழுத்து, இடையெழுத்து எனப் பகுக்கையில், மென்மையை வன்மைக்கு எதிரே நிறுத்தியே இனங்காட்டுகிறது. இவ்வடியிலிருந்து பிறந்த 'மெல்லிய', 'மென்மையான' ஆகிய இரண்டையும் ஆங்கிலத்தின் 'சாஃப்ட்' என்னும் ஒற்றைச் சொல்லுக்கு ஈடாக வைத்துக் கற்பிக்கும் போக்கை இங்கு ஆராய முற்படுகிறோம்.

'மெல்லிய துணி' தடிமன் குறைந்தது; 'மென்மையான துணி' தொடுவதற்கு இதமானது. சிராங்கூன் சாலைக் கடையொன்றில் விற்கும் தடித்த துவாலையை மென்மையானது எனலாம். மெல்லியது எனல் இயலாது. இரும்புத் தகடோ மெல்லியதாக இருக்கலாம், மென்மையானதாக இராது. 'மெல்லிய' என்பதற்குத் தகட்டைப் பொறுத்தவரை 'தடித்த' என்பதும், குரலைப் பொறுத்தவரை 'உரத்த' என்பதும் எதிர்ச்சொற்களாகும். 'மென்மையான' என்பதற்குப் பரப்பில் 'சொரசொரப்பான' என்பதும், குணத்தில் 'முரட்டு' என்பதும் எதிராகும். முன்னது பெரும்பாலும் அளவையும் பின்னது தன்மையையும் சுட்டுகின்றன எனலாம். பழைய வழக்கில் இவ்வெல்லை இத்துணைத் தெளிவாக இல்லை. 'மெல்லடி', 'மெல்லியல்' ஆகிய தொகைகளில் 'மெல்' தன்மையைக் குறித்தது. திருக்குறள் ஆளும் 'மெலியார்' வலிமை குறைந்தோரைக் குறித்தது.

புதுச்சொல்லாக்கத்திலும் இவ்வளவுகோல் பொருந்துகிறது. 'மென்பொருள்' எளிதில் நிலைபெற்றதற்கு, 'வன்பொருள்' என்னும் இணை உடனிருந்ததும் ஒரு காரணம் எனக் கருதுகிறோம். 'மென்பானம்' என்பதற்கோ 'வன்பானம்' வழக்கில் இல்லை. மக்கள் 'குளிர்பானம்' என்றே கூறுகின்றனர்.

நூல்வழக்கை விட்டுத் தேக்கா சந்தையின் காய்கறிக் கடைகளை நோக்கினால், அங்கே 'மெல்' என்னும் அடியே அருகிவிடுகிறது. வெண்டைக்காய் 'பிஞ்சு', அதற்கு எதிர் 'முற்றல்'. வாழைப்பழம் 'கனிந்தது', அதற்கு எதிர் 'காய்'. சமையலறையிலோ இட்லி 'மெத்தென்று' இருக்கிறது. நீர் மிகுந்த சோறு 'குழைந்துவிடுகிறது'. இவற்றுள் பிஞ்சும் கனிவும் பாராட்டு. குழைவோ சோற்றில் பெரும்பாலும் குறை. 'சாஃப்ட்' என்பதன் ஈடாக 'மென்மையான' ஒன்றையே அறிந்த மாணவர் 'மென்மையான வெண்டைக்காய்' என எழுதுவார். அத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் அது தமிழர் வாயில் வழங்கும் தொடரன்று.

இதனைச் சிறு குறையென ஒதுக்குவதற்கில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 5 வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காட்டினர், 2020இல் 2.5 விழுக்காட்டினர். பிஞ்சும் முற்றலும் வீட்டில் கேட்டுப் பழகும் சொற்கள். வீட்டில் தமிழ் குறையுமாயின் அவற்றைத் தரும் பொறுப்பு வகுப்பறையைச் சேரும். பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் உரிய இடம் தரவேண்டும் என 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வு வலியுறுத்தியதை இங்கு நினைவுகூரலாம். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் எனத் தரும் இருமொழிச் சொற்பட்டியல் அந்நோக்கத்திற்குத் துணைசெய்யாது.

அத்தொடரைச் சிவப்பு மையால் அடிப்பதும் தீர்வாகாது. 'இதற்கு எதிர் என்ன?' என்று ஆசிரியர் வினவலாம். 'முற்றல்' என்னும் சொல்லை மாணவர் அறியாராயின், இரண்டு வெண்டைக்காய்களை வகுப்பிற்குக் கொண்டுவந்து நுனியை ஒடித்துப் பார்க்கச் செய்யலாம். ஒடிவது பிஞ்சு, வளைவது முற்றல். பெயரடையை அதன் பெயரோடும் எதிர்ச்சொல்லோடும் சேர்த்துக் கற்பிப்பதே தக்கது என்பது நம் துணிபு.